வாலில் கட்டிய மாலை

அடித்திருகைக் கழற்றியதும் கியர் ஆயில் பால் டீ மாதிரி வந்தது. நான் ஊற்றியது தேன் நிறத்தில் இருந்த புது எண்ணெய். இது வெளுத்து, நுரைத்து, தட்டில் விழுந்து கொழகொழவென்று பரவியது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

“இன்னா மாமே, உள்ள டீக்கட போட்டுகிறியா?” என்றான் துலுக்கானம். ராஜசேகரனின் லாரியை ஓட்டுகிறவன். எதைப் பார்த்தாலும் அவனுக்கு ஒரு கிண்டல் இருக்கும்.

படகுக்குச் சொந்தக்காரரான ராஜசேகரன் சிரிக்கவில்லை. விரலால் எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். முகர்ந்து என்னத்தைக் கண்டுபிடித்தாரோ.

“உங்க நைனா அன்னிக்கே சொன்னாரு. சீலத் திருப்பிப் போட்டுகீறான்னு. நான்தான் காதுல வாங்கல.”

“சீல் சரியாத்தான் போட்டிருக்கேன்.”

“அப்ப தண்ணிய யாரு உள்ள உட்டது? பத்திரிக வெச்சு கூப்ட்டியா?”

சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அரை மணி நேரத்துக்கு முன் நான் படகை ஓட்டிக்கொண்டு பருத்திப்பட்டு ஏரியை இரண்டு சுற்று சுற்றி வந்தபோது கரையில் நின்று விசில் அடித்த அதே நாலு பேர். நான் திருகைத் தொடாமல் விட்டிருந்தால் ஒருவனுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. முதல் ஓட்டம் முடிந்ததும் எண்ணெயை இறக்கிப் பார்ப்பது வேலை தெரிந்தவன் செய்கிற காரியம். அதற்குக் கிடைத்த மரியாதை இது.

“ஞாயித்துக்கெழம சினிமாக் கம்பெனி ஆளுங்க படகப் பாக்க வராங்க பாஸ்கரா. ஓடுனா, சொன்ன மாதிரி நீதான் இத ஓட்டற ஆளு. ஓடலன்னா திங்கக்கெழம உங்க நைனா சொன்ன எடத்துக்கே போயிகினு இரு. எனக்கு ஒண்ணும் இல்ல.”

அப்பா சொன்ன இடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் விட்டுவிட்டு வந்த கியர் கம்பெனி. மூன்றாம் ஷிஃப்ட், ராத்திரி வேலை. ஒரு வருடத்தில் பகல் ஷிஃப்டுக்கு மாற்றுவோம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். மூன்று வருடம் மாற்றவில்லை. பகலில் அப்பாவின் பாக்டரி குவார்ட்டர்ஸ் வீட்டில் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன். பக்கத்து வீட்டுக் குக்கர், குழாயடிச் சண்டை, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். போன ஆடி மாதம் ஒருநாள் டீ டைமில் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை. அதற்கு முன்னால் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டிருந்தேன். “ரெண்ட விட்டாச்சு. மூணாவது எதுன்னு பாப்போம்” என்பார் அப்பா, சோறு போடும்போதெல்லாம்.

படகு வேலை சரியாக வந்தால் எஸ்டேட்டுக்குப் போக வேண்டாம். வராவிட்டால் மறு பேச்சு இல்லாமல் போக வேண்டும். அப்பாவும் நானும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. எனக்குத் தேவையானது அந்த ஒன்றுதான். திரும்பி அந்த ஷிஃப்டுக்குப் போகக் கூடாது.

படகு துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்தது. ஏழெட்டு வருடம் வெயிலில் கிடந்ததைக் குமணன்சாவடி பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துவந்து போட்டிருந்தார். ராஜசேகரன் பார்த்ததும் வாங்கிவிட்டார். பருத்திப்பட்டில் ஏர் ஓட்டிய குடும்பம் அது. வயலெல்லாம் மனையான பிறகு இவர் லாரி விட்டார். அடுத்தது படகு. “பாட்டு சீன் எடுக்கறதுக்கு எங்கெங்கியோ போறானுங்க. நம்ம ஏரிக்கு இன்னா கொற?” என்பார்.

அதன் எஞ்சின் கார் எஞ்சின் மாதிரி படகுக்குள்ளேயே பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஓட்டம் பின்சுவரைத் தாண்டி வெளியே வந்து, இடுப்பளவு உயரத்துக்குத் தொங்கும் ஓர் அலுமினியக் காலுக்குள் இறங்கும். காலுக்குள் பல்சக்கரங்கள். அடியில் விசிறி. மொத்தக் காலும் இடமும் வலமும் திரும்பும், அதுதான் ஸ்டியரிங். மேலே இருந்த தகட்டில் ஸ்டெர்ன் டிரைவ் என்று பொறித்திருந்தது. பருத்திப்பட்டில் அதன் பெயர் வால். துலுக்கானம் வைத்த பெயர்.

எனக்குப் படகு தெரியாது. கியர் தெரியும். எங்கே சுற்றினாலும் கியர் கியர்தான். லாரி ஷெட்டில் ஆறு வாரம் உட்கார்ந்தேன். ஆறு நட்டுகளைக் கழற்றி வாலை இறக்கினேன். படகுக்கும் வாலுக்கும் நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி ஒரு ரப்பர் உறை உண்டு. அதை எலி தின்றிருந்தது. அதற்காகக் காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் மூன்று நாள் அலைந்தேன். பேரிங் கூட்டைப் பிடுங்க எந்தக் கருவியும் இல்லை. ஒரு குழாயையும் இரண்டு தகட்டையும் வைத்து நானே ஒரு புல்லர் செய்தேன். பல்சக்கரங்களைத் துடைத்து மை தடவி, பல்லோடு பல் படுகிற இடத்தைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினேன். ஒருவன் உதவவில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் தினம் ஆள் வந்தது.

விசிறி மாட்டுகிற தண்டு வெளியே வரும் வாயில் இரண்டு ஆயில் சீல், ரப்பர் உதடு வைத்த வளையங்கள், உட்காரும். எஸ்டேட்டுக் கடையில் அளவு கொடுத்து நான்கு வாங்கினேன். மாட்டிக்கொண்டிருந்த அன்று அப்பா வந்தார். பால்ராஜ் என்றால் ஆவடி பாக்டரியில் எல்லோருக்கும் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்தாறு வருடமாக டாங்கி கியர்பாக்ஸ் பூட்டுகிறவர். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

“ஏலே, இதென்ன, ஒண்ணு உள்ள பாக்கு, ஒண்ணு வெளிய பாக்கு?”

“அப்படித்தாம்ப்பா போடணும்.”

“சீலோட உதடு எப்பவும் எண்ணெயப் பாத்துதான் இருக்கணும். இருவத்தாறு வருசத்துல ஒரு சீல நான் வெளிய பாத்துப் போட்டதில்ல.”

“உங்க கியர்பாக்ஸ் நாள் பூரா தண்ணியில முங்கிக் கெடக்கலையே. உள்ள பாக்கிறது எண்ணெய வெளிய விடாது. வெளிய பாக்கிறது தண்ணிய உள்ள விடாது. அதுக்குத்தான் ரெண்டு.”

அப்பா நிமிர்ந்தார். ராஜசேகரனைப் பார்த்துச் சொன்னார். “பாலிடெக்னிக்கப் பாதியில விட்டவன் எனக்குப் பாடம் எடுக்கான். ஒண்ணத் திருப்பிப் போட்டிருக்கான். பின்னால என்னச் சொல்லப்பிடாது.”

அன்று சொன்ன வார்த்தைதான் விஜயதசமி அன்று ஏரிக்கரையில் என் தலையில் வந்து விழுந்தது.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. ஷெட்டைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, லாரிக்கும் படகுக்கும் சேர்த்து ஒரே பூசணிக்காய் சுற்றினார்கள். மாலைகளைக் கொண்டுவந்தவள் எல்லம்மா. ராஜசேகரனின் அக்கா. தம்பிக்கு இரண்டு லாரி ஓடினாலும் அவள் பருத்திப்பட்டு பஸ் ஸ்டாப்பில் பூக்கடையை விடவில்லை. கேட்டால், “தம்பி சோத்த தம்பி துன்னட்டும்” என்பாள். லாரி முகப்புக்கு ஒன்று, படகு முனைக்கு ஒன்று போட்டுவிட்டு, மூன்றாவதைக் கையில் எடுத்தாள்.

“வாலுக்கு எங்க கட்டறது?”

“அதுக்கெதுக்கு?” என்றேன்.

“வேல செய்யறது அதானேடா.”

விசிறிக்கு முன்னால் தண்டைச் சுற்றி மூன்று சுற்று சுற்றினாள். நூலைக் கவனித்தேன். வாழைநார் இல்லை, நைலான். நார் வெயிலில் காய்ந்து அறுந்துபோகிறதாம், இது அறாதாம். கடைசியில் ஒரு முடிச்சுப் போட்டு, “இந்த நுனிய இழுத்தா போதும், மொத்தமா அவுந்துக்கும்” என்று என்னிடம் சொன்னாள். நான் பாதிதான் கேட்டேன். அந்த நேரம் பார்த்து அப்பா வாய் நிறையப் பொரியை வைத்துக்கொண்டு பத்துப் பேர் நடுவில் பேசிக்கொண்டிருந்தார்.

“திங்கக்கெழம இவன் எஸ்டேட்டுக்குப் போறான். சூப்பர்வைசர்ட்ட பேசியாச்சு. இதெல்லாம் சும்மா ஒரு மாச வெளாட்டு.”

படகு இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. ஓடுமா ஓடாதா என்று பார்க்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. ராஜசேகரன் பக்கத்தில்தான் நின்றார். ‘இல்ல சார், இவன் என் ஆளு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொட்டுக்கடலையை மென்றுகொண்டிருந்தார்.

அந்த ஆத்திரத்தோடுதான் மறுநாள் காலை ஷெட்டுக்கு வந்தேன். ஒன்பது மணிக்குள் நல்ல நேரம் முடிகிறது என்று டிராக்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு எல்லோரும் கத்தினார்கள். படகு முனையில் இருந்த மாலையைத் தூக்கி எறிந்தேன். வாலில் இருந்ததை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். அறுந்து கையோடு வந்தது. பூவையும் நூலையும் சுருட்டிக் குப்பையில் போட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

எண்ணெய் வெளுத்தது எதனால் என்று மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெரிந்தது.

நட்டைக் கழற்றி விசிறியை உருவினேன். பின்னால் தண்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். முதலில் ரப்பர் என்று நினைத்தேன். நகத்தால் கீறினேன். நைலான். தண்டு சுற்றச் சுற்ற உள்ளே இழுத்துக்கொண்டு போய், சூட்டில் உருகி, வளையல் மாதிரி இறுகியிருந்தது. அதன் விளிம்பு சீலின் உதட்டுக்குள் இறங்கி, பிளேடால் அறுத்த மாதிரி முழு வட்டத்துக்கும் அறுத்திருந்தது. அறுபட்டது வெளியே பார்க்கிற சீல். தண்ணீரைத் தடுக்கிற சீல். நான் சரியாகப் போட்ட சீல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கத்தி வைத்து வளையத்தை ஒரு பக்கம் வெட்டி, உடையாமல் எடுத்தேன். நேற்று சிரித்த நாலு பேரும் ஷெட்டில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. இருந்தார்கள். சனிக்கிழமை அரைநாள் முடித்துவிட்டு அப்பாவும் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

ராஜசேகரன் கை கழுவிவிட்டு வரும்வரை காத்திருந்து, வளையத்தை லாரி பானெட்டின் மேல் எறிந்தேன்.

“இந்தாங்க. நான் திருப்பிப் போட்ட சீலு.”

“இன்னாது இது?”

“பூ கட்டுற நூலு. உங்க அக்கா வாலுக்குப் போட்ட மாலை. சீல அறுத்தது இதுதான். என் கைவேல இல்ல.”

ராஜசேகரன் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மாறியது. “துலுக்கானம், அக்காவ இட்டுகினு வா.”

எல்லம்மா இடுப்பில் கூடையோடு வந்தாள். உட்காரக்கூட விடவில்லை அவர்.

“அறிவு கீதா உனக்கு? சுத்தற மிஷினுக்கு நைலான் நூல்ல கட்டுவாங்களா? ஒரு வருசமா இதுக்கு நாயா அலஞ்சிகினு கீறேன். பூ விக்கிறவளுக்கு இன்னா தெரியும், உன்ன உள்ள உட்டது என் தப்பு.”

அவள் திட்டு வாங்குவது எனக்கு வருத்தமாக இல்லை. நேற்று நான் வாங்கினேன், இன்று அவள் வாங்கட்டும்.

எல்லம்மா கூடையை இறக்கினாள். தம்பி கையிலிருந்த வளையத்தை வாங்கி, மல்லி கட்டுகிற விரலால் ஒரு சுற்று தடவினாள். ஓர் இடத்தில் முடிச்சு மட்டும் உருகாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

“என் முடிச்சுதான்,” என்றாள். “சுருக்கு. இந்தா கீது பாரு நுனி. இத்த இழுத்தா குழந்தகூட அவுத்துரும். இவன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்.”

“அதுக்கு இன்னா இப்ப?”

“இன்னாவா? முடிச்சு போட்டது போட்ட மாதிரி கீது. நூலு இந்தாண்ட பிஞ்சிகீது. யாரும் அவுக்கல. பிச்சிகீறாங்க. பூவ மட்டும் உருவிட்டு நூல உள்ளயே உட்டுகீறாங்க. எவன்டா அது?”

துலுக்கானம் முந்திக்கொண்டான். “நான் ட்ராக்டர் மேல இருந்தேன் அண்ணாத்தே.”

நேற்றுக் காலை பத்துப் பேர் படகைச் சுற்றி நின்றார்கள். யார் கை என்று யாராலும் சொல்ல முடியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் எல்லம்மா என்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான்,” என்றேன்.

“ஒரு நுனிய இழுக்கறதுக்கு இன்னா கேடுடா உனக்கு?” என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

“சீலத் திருப்பிப் போட்டது பத்தாதுன்னு இது வேற,” என்றார் அப்பா.

“சீல் சரிப்பா.” அறுந்த சீலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். “இது வெளிய பாக்குற சீல். இது நல்லா இருந்தவரைக்கும் தண்ணி வரல. அறுந்த பொறகுதான் வந்தது. நீங்க சொன்ன மாதிரி ரெண்டும் உள்ள பாத்திருந்தா ஏரியில எறக்குன நிமிசமே போயிருக்கும்.”

“நீ என்ன சொன்னாலும் தண்ணி போச்சா இல்லியா?”

அவருக்கு அவ்வளவுதான். நாலு பேரும் தலையாட்டினார்கள். நான் சொன்னது சரி. அந்த ஷெட்டில் அது ஒருவனுக்கும் வேண்டியிருக்கவில்லை.

ராஜசேகரன் என்னைத் தனியாக வெளியே அழைத்துப் போனார். ஏரியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“வேல தெரிஞ்சவன்தான் நீ. ஒத்துக்கிறேன். ஆனா பாஸ்கரா, கோவம் வந்தா பிச்சி எறிஞ்சிட்டு, மிச்சம் எங்க கீதுன்னு பாக்காம போற. தண்ணி மேல நாலு உசுர ஏத்தி உன் கையில குடுக்க எனக்குத் துணிச்சல் இல்ல. துலுக்கானம் ஓட்டட்டும். நாளிக்கு ரெடி பண்ணிக் குடுத்துட்டுப் போ.”

“அவனுக்குப் படகு தெரியாது.”

“லாரி ஓட்டறான். ஒரு தபா அடிச்சாலும் மறுநாள் பேசாம வந்து நிக்கறான். எனக்கு அது போதும்.”

அங்கேயே ஸ்பேனரை ஏரியில் எறிந்துவிட்டுப் போயிருக்க வேண்டும். எறியவில்லை. அது என் சொந்த ஸ்பேனர். ஷெட்டுக்குத் திரும்பினேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தண்டில் நைலான் போட்ட கோட்டை எமரித் தாளால் நகம் தட்டாத அளவுக்குத் தேய்த்தேன். வாங்கிய நான்கில் மீதி இரண்டு சீல் இருந்தது. உள்ளே பார்க்கிற சீலையும் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டேன். அடுத்ததைக் கையில் எடுத்தேன்.

அதைத் திருப்பிப் போட்டால் போதும். உதடு உள்பக்கம். இருபத்தாறு வருட சர்வீஸ்காரர் நாலு பேர் முன்னால் சொன்ன முறை. நாளைக்குச் சினிமாக்காரர்கள் முன்னால் எண்ணெய் மறுபடி பால் டீ ஆகும். பல்சக்கரம் துருப்பிடிக்கும். பொங்கலுக்குள் வால் செத்துவிடும். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. ‘அப்பா சொன்ன மாதிரி போட்டேன்’ என்பேன். ராஜசேகரனும் அப்பாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளட்டும். சீலை அப்படியே வாயில் வைத்துவிட்டேன். சுத்தியல் கையில் இருந்தது.

சுத்தியலைக் கீழே வைத்தேன். பிறகு சீலை எடுத்துத் திருப்பி, உதடு வெளியே பார்க்க வைத்து, மரத்துண்டை மேலே வைத்துத் தட்டினேன். நல்ல மனசு ஒன்றும் இல்லை. அப்பா சொன்ன மாதிரி போட்டால், எதற்காகப் போட்டாலும், அப்பா சொன்ன மாதிரி போட்டதாகத்தான் ஆகும். அது என் கையால் ஆகாது. விசிறியை மாட்டினேன். அடியிலிருந்து எண்ணெயை ஏற்றி மேல் துளையில் வழிந்ததும் திருகை அடைத்தேன். துலுக்கானம் வந்ததும் எஞ்சின் ஓடும்போது எதையெதைத் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் அன்று ஒரு கிண்டலும் பண்ணவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சினிமாக்காரர்கள் வந்தார்கள். துலுக்கானம் ஓட்டினான். திருப்பத்தில் லாரியை ஒடிப்பது மாதிரி ஒடித்தான், ஆனால் ஓட்டினான். படகு நன்றாக இருக்கிறது, நீலப் பெயிண்ட் மட்டும் அடிக்க வேண்டும் என்றார்கள். கூட்டம் கலைந்த பிறகு மேல் திருகைக் கழற்றி, ஒரு கம்பியை விட்டு எடுத்தேன். தேன் நிறம். பொரி வந்த காகிதம் ஒன்று ஷெட்டில் கிடந்தது. அதில் ஒரு சொட்டை வைத்து மடித்துக் குவார்ட்டர்ஸுக்கு எடுத்துப் போனேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

“ஒரு பொட்டுத் தண்ணி இல்ல,” என்றார். காகிதத்தை மடித்தார். “பாத்தியா? நான் சொன்ன மாதிரி மாத்திப் போட்டதும் நின்னுட்டுல்லா.”

“மாத்திப் போடல. முன்ன போட்ட மாதிரியேதான் போட்டேன்.”

“பின்ன எப்படி நின்னுது?”

சட்டைப் பையில் அறுந்த சீல் இருந்தது. எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். எந்த உதடு, எந்தப் பக்கம், எங்கே அறுந்தது என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். குரல் உயர்ந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அப்பா சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாளைக்கு பாக்டரியில நாலு பேர்ட்ட கேக்கேன்,” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை ராத்திரி எஸ்டேட் ஷிஃப்டுக்குக் கிளம்பி நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா ஓவர்டைம் முடித்துத் திரும்பி வந்தார்.

“கேட்டீங்களா?”

“எத?”

அடுத்த ஷூவை எடுத்தேன். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னும் கோவம் போகலயாலே?”

“போகல.”

“சரி. டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டியா?”

எடுத்துக்கொண்டேன்.